பிரமாதம் விலக்கல்
(பணிபுரியும் நாய்களை முன்வைத்து இல்லறத்தார்க்கு ஒரு பாடம்)



கொல்லாமை நம் சமூகத்தின் முதல் அடையாளம். புலால் நுகராமை, இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியவற்றை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவர். எறும்பு ஊரும் வழியில் கால் வைக்கத் தயங்கும் பாட்டிமார் இன்றும் நம் இல்லங்களில் இருக்கின்றனர். ஆயினும் அஹிம்சை அணுவிரதம் காலத்துக்குக் காலம் புதிய இடங்களில் நம்மைச் சோதித்துப் பார்க்கிறது. அத்தகைய ஓர் இடத்தை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் நம் முன்னோர் வாழ்ந்த நாளில் நாய் வீட்டு வாசலோடு நின்றது. தொழிற்சாலை வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் நாடி அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி எனக் குடிபெயர்ந்த பிறகு வாழ்க்கை முறை மாறியது. இன்று அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்ப்போர் பெருகியுள்ளனர். நம்மவரும் அதற்கு விலக்கல்லர். காலையும் மாலையும் அந்த நாயைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்கிறோம். அங்கே பணியிலிருக்கும் மற்றொரு நாய்க்கும், அந்த நாயை நம்பியிருக்கும் மனிதருக்கும் நம்மால் என்ன நேரக்கூடும்? இதுவே பாடப்பொருள்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் நெறி. ஆகவே நாம் அறிந்த ஆகமக் கருத்திலிருந்தே தொடங்குவோம்.

1. ஹிம்சையின் இலக்கணம்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்துள்ளார். அக்கருத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று பிரமத்த யோகம். அதாவது விழிப்பு இல்லாத நிலையில் மனமும் சொல்லும் உடலும் இயங்குதல். மற்றொன்று, அவ்வியக்கத்தால் ஓர் உயிரின் பிராணங்களுக்கு ஊறு நேர்தல். ஹிம்சை என்றவுடன் வாளும் கோலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆசாரியரோ கவனமின்மையை முதலில் வைத்தார். இந்த வரிசையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பேச்சுவழக்கில் மிக நன்றாக உள்ள ஒன்றை 'பிரமாதம்' என்று வியக்கிறோம். ஆகமச் சொல்லான பிரமாதம் அதுவன்று. செய்யவேண்டியதில் சோர்வும் கவனக்குறைவுமே அதன் பொருள். அது பதினைந்து வகைப்படும் என்று நம் நூல்கள் கணக்கிடுகின்றன. வீண்பேச்சு நான்கு, கோபம் முதலிய கஷாயங்கள் நான்கு, ஐம்புலன்களின் வழி ஓடுதல் ஐந்து, உறக்கம் ஒன்று, பிரணயம் ஒன்று. கடைசியாக நின்ற பிரணயம் என்பது பற்றுமிக்க அன்பு. அன்பையும் பிரமாதத்தில் சேர்த்தது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. அதற்கான விடை இப்பாடத்தின் பிற்பகுதியில் கிடைக்கும்.

அடுத்துப் பிராணங்கள். ஐம்பொறிகள், மனவலிமை, சொல்வலிமை, உடல்வலிமை, உயிர்ப்பு, ஆயுள் எனப் பிராணங்கள் பத்து. நாய் மனம் வாய்த்த ஐயறிவுயிர் ஆதலால் அதற்குப் பத்துப் பிராணங்களும் உண்டு. உடலில் ஒரு கீறலும் விழாமலே அதன் மனவலிமையைச் சிதைக்க முடியும். அவ்வாறு சிதைப்பதும் பிராணத்துக்கு ஊறு செய்வதேயாகும். இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

2. பணியிலிருக்கும் நாய்

வளர்ப்பு நாய் வேறு, பணிநாய் வேறு. இரண்டும் ஓரினமே, ஆனால் பொது இடத்தில் அவற்றின் நிலை ஒன்றன்று. பணிநாய்களில் இரண்டு வகையை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது வழிகாட்டி நாய். பார்வை இழந்தோர்க்கு நாயை வழித்துணையாகப் பழக்கும் முறையான பயிற்சிப் பள்ளி, முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் தோன்றியது. அமெரிக்காவில் 1929இலும், பிரிட்டனின் வாலசி என்னும் ஊரில் 1931இலும் இப்பணி வேரூன்றியது. வாலசியில் அவ்வாண்டு முதன்முதலாகப் பயிற்சி முடித்தவை நான்கே நாய்கள்.

இந்நாயின் பயிற்சி நெடியது. குட்டிப் பருவத்தில் ஏறத்தாழ ஓராண்டு ஒரு குடும்பத்தில் வளர்ந்து, கூட்டத்துக்கும் ஓசைக்கும் பழகும். பின்பு பயிற்சிப் பள்ளியில் பல மாதங்கள் கற்கும். இறுதியாகத் தனக்குரிய மனிதருடன் சேர்ந்து இருவரும் பழகுவர். அதன் மார்பைச் சுற்றி ஒரு பட்டையும், முதுகின்மேல் உயர்ந்து நிற்கும் உறுதியான கைப்பிடியும் இருக்கும். போகவேண்டிய வழியை மனிதர் அறிவார். வழியிலுள்ள பள்ளத்தையும் படியையும் கம்பத்தையும் நாய் அறியும். கைப்பிடியில் உண்டாகும் சிறு அசைவே இருவருக்கும் இடையிலான மொழி. நாய் நின்றால் படி இருக்கிறது என்று பொருள். விலகினால் தடை இருக்கிறது என்று பொருள். மனிதர் 'போ' என்று சொன்னாலும் எதிரே வண்டி வந்தால் நகராமல் நிற்கவும் அது பழகியிருக்கும். சொல்லுக்குக் கீழ்ப்படிவதினும் அரிய பயிற்சி இது. காலமறிந்து கீழ்ப்படியாமல் நிற்றல்.

இரண்டாவது, காவல்துறையின் மோப்ப நாய். தமிழ்நாட்டுக் காவல்துறையில் துப்பறியும் நாய்ப் படை 1951ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. குற்றவாளியின் சுவடு தேடுவது, வெடிபொருள் கண்டறிவது, போதைப்பொருள் கண்டறிவது என ஒவ்வொரு நாய்க்கும் தனிப் பயிற்சி உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படையிலும் மோப்ப நாய்கள் உள்ளன. குடியரசு நாளும் சுதந்திர நாளும் நெருங்கும்போது ரயில் நிலைய நடைமேடைகளில் காவலருடன் அவை சோதனையிட்டுச் செல்வதைப் பயணிகள் பலரும் கண்டிருப்பர். வெடிபொருளின் மணத்தை உணர்ந்தால் குரைக்காமலும் பிறாண்டாமலும் அமைதியாக அமர்ந்து குறிப்புணர்த்தவே அந்நாய் பழக்கப்படுகிறது. குரைப்பும் பிறாண்டலும் அப்பொருளை வெடிக்கச் செய்துவிடக்கூடும் அல்லவா? அந்த அமைதியான குறிப்பைக் காவலர் தவறவிட்டாலும், நாய் வேறொன்றில் கவனம் சிதறி அப்பொருளைக் கடந்து சென்றாலும், விளைவு பெரிது.

3. ஒரு நொடியில் நேர்வது

இனி, கயிறு நழுவிய ஒரு வளர்ப்பு நாய் இவ்விடத்தில் வந்தால் என்ன ஆகும் என்று காண்போம்.

வளர்ப்பு நாய் விளையாட்டாகவே ஓடி வரலாம். வழிகாட்டி நாய் ஒரு நொடி தலையைத் திருப்புகிறது. கைப்பிடி இழுபடுகிறது. இழுத்தது தடையைக் காட்டவா, வேறு காரணத்தாலா என்பது பார்வையற்றவருக்குத் தெரியாது. அந்நொடியில் அவர் காலடியில் சாலையின் விளிம்பு இருக்கலாம். திறந்த வடிகால் இருக்கலாம். நமக்கு ஒரு நாய் குரைத்த ஓசை மட்டுமே. அவருக்கோ வழியே அறுந்துபோன நிலை. குரைப்பது எத்தனை நாய், எந்தப் பக்கம், கட்டப்பட்டதா, அவிழ்ந்ததா என்று எதையும் அவர் கண்டு அறிய இயலாது. நிற்பதா, நடப்பதா என்று கலங்கி, திசையையும் இழந்துவிடுவார்.

வளர்ப்பு நாய் கடித்துவிட்டால் நிலைமை இன்னும் கொடிது. பிரிட்டனில் வழிகாட்டி நாய்கள்மீது பிற நாய்கள் நடத்திய தாக்குதல்களைக் கால்நடை ஆய்வாளர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். 2010 முதல் 2015 வரையிலான பதிவுகளில் 629 தாக்குதல்கள் இருந்தன. மாதத்துக்கு ஏறத்தாழப் பதினொன்று. அவற்றின் விளைவாக 20 வழிகாட்டி நாய்கள் பணியிலிருந்தே விலக்கப்பட்டன. காயம் ஆறிய பிறகும், பிற நாயைக் கண்டால் நடுங்கும் ஒரு நாய் வழிகாட்ட இயலாது. மேலே சொன்ன மனவலிமை என்னும் பிராணம் சிதைவது இதுதான்.

அந்த நாயை இழந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலப் பயிற்சியால் உருவான துணை அது. கடைக்கும் அலுவலகத்துக்கும் தாமே சென்றுவந்தவர், மற்றொரு நாய் கிடைக்கும்வரை பிறர் கையை எதிர்பார்க்க நேரும். இத்தீங்கின் கனத்தை உணர்ந்தே பிரிட்டன் 2014இல் சட்டத்தைத் திருத்தியது. கட்டுப்பாட்டை மீறிய நாய் ஓர் உதவி நாயைத் தாக்கினால் அதன் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

மோப்ப நாய்க்கும் இதே இடையூறுதான். வேற்று நாயின் குரைப்போ, அது விட்டுச் சென்ற சிறுநீரின் மணமோ தேடலின் ஒருமையைக் கலைக்கும். காவலர் தம் நாயைத் தேற்றி, சோதித்த இடத்தையே மறுபடியும் சோதிக்க வேண்டும். அதற்குள் கூட்டம் நகர்ந்துவிடும்.

4. நம் ஊர்ப்பக்கத்து நிலை

"வழிகாட்டி நாயை நம் தெருவில் கண்டதே இல்லையே, இப்பாடம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அது ஏன் காணப்படவில்லை என்பதிலேயே நமக்கான பாடம் இருக்கிறது.

பூந்தமல்லி என்று நாம் வழங்கும் பூவிருந்தவல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பள்ளி பல தலைமுறை மாணவர்க்குக் கல்வி அளித்து வருகிறது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அவ்வூரிலேயே உள்ளது. ஆகவே வெண்கோலைத் தரையில் தட்டியபடி பேருந்து நிலையத்தையும் சாலைச் சந்திப்பையும் கடந்து செல்லும் இளைஞர்களை இப்பகுதியினர் நாள்தோறும் காண்கின்றனர். அவர்களில் எவருடனும் வழிகாட்டி நாயைக் காண்பதில்லை. இந்தியாவிலேயே அத்தகைய நாயுடன் நடப்போர் மிகச் சிலர். பயிற்சிப் பள்ளிகள் குறைவு, செலவு மிகுதி, நடைபாதைகள் சீராக இல்லை என்பன காரணங்கள். இவற்றுடன், அவிழ்ந்து திரியும் நாய்கள் நிறைந்த தெருவில் வழிகாட்டி நாய் அமைதியாக நடக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

1931இல் வாலசித் தெருவில் ஒருவருக்குக் கிடைத்த உரிமையான நடை, ஏறத்தாழ நூறு ஆண்டு நெருங்கும் இந்நாளிலும் பூவிருந்தவல்லி மாணவருக்குக் கிடைக்கவில்லை. பள்ளி அமைப்பதும் பாதை செப்பனிடுவதும் அரசின் கையில் உள்ளவை. நம் நாயின் கயிறு நம் கையில் உள்ளது. பிறர் செய்யவேண்டியவை நிறைவேறும்வரை நம் பங்கை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஏனெனில் வழிகாட்டி நாய் இல்லாத இன்றும் வெண்கோல் இருக்கிறது. காலடியில் பாய்ந்த நாயைக் கோல் தட்டினால் நாய் மிரளும். மிரண்ட நாய் கடிக்கும். அவரோ அதனைத் தட்டப்போகிறோம் என்பதையே அறியார்.

அம்பத்தூர் ஏரிக்கரையிலும், ஆவடி பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி 2019இல் திறக்கப்பட்ட பசுமைப் பூங்காவின் பக்கத்திலும் காலைநடை செல்வோர் கூட்டம் நாம் அறிந்ததே. அவ்விடங்களில் முதியோர், குழந்தைகள், வெண்கோலினர், கோலூன்றி நடப்போர் எல்லோருக்கும் உரிமை உண்டு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் வளர்ப்பு நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி நகரையே உலுக்கியது. அவை தெரு நாய்கள் அல்ல. வீட்டில் சோறிட்டு வளர்க்கப்பட்ட நாய்கள்.

5. ஐந்து அதிசாரங்களும் கையிலுள்ள கயிறும்

அஹிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தில் விழும் மாசுகளை, நம் நூல்கள் கூறுகின்றன. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்கும் நூல்கள். அதிசாரங்கள் ஐந்தும் விலங்குகளை நடத்தும் முறையைப் பற்றியனவாகவே இருப்பது நமக்குப் பெரிதும் பொருந்துகிறது.

முதலாவது பந்தம், கட்டிவைத்தல். நாள் முழுதும் மாடியிலோ வாயிற்கம்பியிலோ சங்கிலியில் கிடந்த நாய், மாலையில் வெளியே வந்ததும் வெறிகொண்டு இழுக்கும். வீட்டில் மிகையாகக் கட்டுவதே வெளியில் கட்டுக்கடங்காமைக்குக் காரணம். எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதை விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1960 முதல் குற்றமாகவே கருதுகிறது.

இரண்டாவது வதம், அடித்தல். வேறொரு நாயைக் கண்டு குரைத்ததற்காக நாயை அடித்தால், 'அந்த நாயைக் கண்டால் எனக்கு வலிக்கிறது' என்றே அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் மூர்க்கமாகப் பாயும். வகுப்பறையில் பிரம்பால் ஒழுக்கம் வளராதது போன்றதே இதுவும்.

மூன்றாவது சேதம், உறுப்பறுத்தல். அழகுக்காகக் காது நுனியையும் வாலையும் வெட்டுவோர் உள்ளனர். காதும் வாலும் நாயின் பேச்சுறுப்புகள். அவற்றை இழந்த நாயின் உள்ளக் குறிப்பைப் பிற நாய்கள் தவறாக உணரும், சண்டை பிறக்கும்.

நான்காவது அதிபாராரோபணம், அளவுக்கு மீறிச் சுமையேற்றல். சுமை என்பது மூட்டை மட்டுமன்று. பணிநாய் தன் கடமையைச் சுமக்கிறது. நம் நாயின் தொல்லையையும் அதன்மேல் ஏற்றுவது மிகைச்சுமை. கூட்டத்துக்கு அஞ்சும் நம் நாயைத் திருவிழாவுக்கும் ரயில் நிலையத்துக்கும் இழுத்துச் செல்வதும் இவ்வகையே.

ஐந்தாவது அன்னபான நிரோதம், உணவும் நீரும் தடுத்தல். அக்கினி நட்சத்திர வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுடும். நீரின்றி அழைத்துச் சென்ற நாய் சிடுசிடுப்பு மிகுந்து, அருகில் வருவோர்மேல் சீறும்.

ஐந்தையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நம் வீட்டு நாய்க்கு நாம் இழைக்கும் சிறு ஹிம்சையே வெளியில் பிற உயிர்க்குப் பெரிய ஹிம்சையாக வளர்கிறது.

6. இடமறியாத தயை

நம்மவர் கருணையுள்ளம் கொண்டவர்கள். நாயைக் கண்டால் பிஸ்கட் போடுவது பலருக்கு வழக்கம். ஆனால் பணியிலிருக்கும் நாய்க்கு அந்நேரத்தில் உணவளிப்பது நன்மையன்று. மோப்ப நாய் தன் காவலர் தரும் பரிசுக்காகவே தேடுகிறது. வழியில் போவோர் எல்லோரும் உணவளித்தால் அது மணத்தைத் தேடாமல் கைகளைத் தேடத் தொடங்கும். வழிகாட்டி நாயும் அவ்வாறே. அழைப்பதும், தட்டிக்கொடுப்பதும், சீட்டியடிப்பதும்கூட அதன் கவனத்தைப் பறிப்பனவே.

தானத்தின் பயன், கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் சிறப்பைப் பொறுத்தது என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. முறையறியாத தானம் தன் பயனை இழக்கிறது. பணிநாய்க்கு நாம் தரக்கூடிய மிகச் சிறந்த தானம், அதனைப் பாராமல் கடந்து செல்வதே. அது அபயதானத்தின் பாற்படும்.

தெரு நாய்க்கு உணவளிக்க விரும்புவோரும் இடம் தேர வேண்டும். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குடியிருப்பு வாயில்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் குழந்தைகள் விளையாடும் இடங்களுக்கும் அப்பாலேயே உணவிடும் இடம் அமையவேண்டும் என்கின்றன. பள்ளி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் உணவைக் கொட்டினால் அங்கே நாய்கள் கூடும். வெண்கோலினர் வழி அடைபடும்.

இப்போது முன்னர் எழுந்த கேள்விக்கு வருவோம். பிரணயம் ஏன் பிரமாதம் ஆயிற்று? "எங்கள் குழந்தை யாரையும் ஒன்றும் செய்யாது" என்று நாய் வளர்ப்போர் சொல்வது நம் செவிக்குப் பழகியது. கயிற்றைத் தளர்த்துவது வெறுப்பு அன்று, இந்தப் பற்றே. அன்பு கண்ணை மறைக்கும்போது விழிப்பு அகல்கிறது. அதே போல், நாயை ஒரு கையிலும் செல்போனை மறு கையிலும் பிடித்து நடப்பவர் வீண்பேச்சு என்னும் பிரமாதத்துக்கு ஆளாகிறார். பண்டைய ஆசாரியர் செல்போனைக் கண்டதில்லை. மனிதரை நன்கு கண்டிருந்தனர்.

7. வாய்மையும் இதில் உண்டு

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவில் பணிநாயைக் கடைக்கும் விமானத்துக்கும் அழைத்துச் செல்லச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையைத் தம் வளர்ப்பு நாய்க்கும் பெறவேண்டி, பணிநாய்க்குரிய மேலங்கியை விலைக்கு வாங்கி அணிவிப்போர் பெருகினர். பயிற்சியில்லாத அந்நாய்கள் விமானத்தில் பயணிகளையும் உண்மையான பணிநாய்களையும் தாக்கின. இறுதியில், மன ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் விலங்குகளைப் பணிநாயாகக் கருதவேண்டியதில்லை என்று 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது.

பொய் ஆவணம் உண்டாக்குதலைச் சத்திய அணுவிரதத்தின் அதிசாரமாக, கூடலேகக் கிரியை என்று நம் நூல்கள் கூறும். பொய் மேலங்கி துணியில் எழுதிய பொய் ஆவணமே. நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்து விதிகள் மாற்றுத்திறனாளியின் உதவி நாயைப் பயணியர் அறையில் அனுமதிக்கின்றன. உண்மையாகத் தேவைப்படுவோரின் உரிமைமேல் ஐயம் விழும்படி நாம் நடந்துகொள்ளலாகாது.

8. இரு ஐயங்களும் விடைகளும்

"நாயைப் பணியில் ஈடுபடுத்துவதே பந்தம் அல்லவா?" என்பது முதல் ஐயம். தேவை கருதித் தளர்வாக, ஆபத்து வந்தால் விடுபடும்படி கட்டுவதையும், கோபத்தாலோ கருணையின்றியோ இறுகக் கட்டுவதையும் உரை மரபு வேறுபடுத்துகிறது. பணிநாய்க்கு உரிய உணவும் ஓய்வும் மருத்துவமும் விளையாட்டும், முதுமையில் அமைதியான இல்லமும் கிடைக்க வேண்டும். அவை கிடைக்காத இடத்தில் ஐயம் முற்றிலும் சரியானதே. அவை கிடைக்கும் இடத்தில் இருவர் உறவும் ஒன்றுக்கொன்று உதவி வாழ்தலாகிறது. பகவான் மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டையொட்டி 1974இல் எல்லாப் பிரிவினரும் ஏற்ற ஜைனச் சின்னத்தின் அடியில் பொறிக்கப்பட்ட கருத்தும் அதுவே.

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியில், உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, சீவகனுக்கு இடர் வந்தபோது துணை நிற்கிறது. நாயிடத்தும் உயரும் ஆன்மா உண்டு என்பதை இதனினும் தெளிவாக நமக்கு யார் கற்பிக்க முடியும்?

"தெரு நாய்கள் நிறைந்த ஊரில் வளர்ப்பு நாயை மட்டும் கட்டுப்படுத்தி என்ன பயன்?" என்பது இரண்டாம் ஐயம். பிறர் அடுப்பில் புலால் வேகிறது என்பதற்காக நம் அடுப்பில் ஏற்றுவோமா? விரதம் அவரவர் கையளவில் தொடங்குவது. சட்டமும் இதையே கூறுகிறது. தன் பொறுப்பிலுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காவாத கவனக்குறைவை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகமம் பிரமாதம் என்றதைச் சட்டம் கவனக்குறைவு என்கிறது.

9. நடைமுறை ஒழுக்கம்

(1) நாயைக் குறுகிய கயிற்றில் வலிமையுள்ள பெரியவரே பிடித்துச் செல்க. சிறு பிள்ளைகளிடம் தருதல் வேண்டா. முரட்டு நாய்க்கு வாய்மூடி அணிவிக்க.

(2) வெண்கோலினரையோ கைப்பிடி பூண்ட வழிகாட்டி நாயையோ காவலருடன் வரும் மோப்ப நாயையோ கண்டால், எதிர்ப்பக்கம் விலகுக. இடமில்லையேல் ஓரமாக நின்று, நம் நாயை அமரவைத்து, அவர்கள் கடந்தபின் நடக்க.

(3) பார்வையற்றவர் அருகில் வந்தால், "ஐயா, நான் நாயுடன் உங்கள் இடப்பக்கம் நிற்கிறேன், பிடித்திருக்கிறேன்" என்று குரல் கொடுக்க. இந்த ஒரு வாக்கியம் அவருடைய அச்சம் அனைத்தையும் நீக்கும்.

(4) பணிநாயைத் தொடுதல், அழைத்தல், உணவளித்தல் வேண்டா. பேச வேண்டுமாயின் மனிதரிடம் பேசுக. கேளாமல் அவர் கையையோ நாயின் கைப்பிடியையோ பற்றி இழுத்தல் கூடாது.

(5) நம் நாய் தவறு செய்துவிட்டால் நழுவிச் செல்லற்க. காயம் பார்த்து, நம் முகவரி தந்து, மருத்துவச் செலவை ஏற்று, அவரைப் பத்திரமான இடத்தில் சேர்க்க.

(6) ரயில் நிலையம், மருத்துவமனை, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றுக்குத் தேவையின்றி நாயை அழைத்துச் செல்லற்க. தேவையின்றி விளையும் தீங்கு அனர்த்த தண்டம். அதனை விலக்குவது நம் குணவிரதம்.

(7) நாயின் கழிவை உடனே அகற்றுக. வெண்கோலின் நுனி தடவிச் செல்லும் இடம் அது. முனிவர்கள் கழிவகற்றுவதிலும் சமிதி காப்பவர்கள். நாம் அதில் ஒரு துளியேனும் கற்க வேண்டும்.

(8) வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுக. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்கே வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. அவரவர் உள்ளாட்சி விதியைக் கேட்டறிந்து நடக்க.

10. பாடசாலைப் பிள்ளைகளுக்கு

பெற்றோர் கீழ்க்காணும் வினாக்களைப் பிள்ளைகளுடன் கலந்து பேசுக. விடையை மனப்பாடம் செய்யவிடாமல், காரணம் சொல்லப் பழக்குக.

அ. உடலில் காயமே இல்லாதபோது ஒரு நாய்க்கு ஹிம்சை நேர முடியுமா? எந்தப் பிராணத்தைக் கொண்டு விளக்குவாய்?

ஆ. பதினைந்து பிரமாதங்களில், நாயுடன் தெருவில் நடப்பவரிடம் காணக்கூடியவை எவை?

இ. மோப்ப நாய்க்குப் பிஸ்கட் தர விரும்பும் தம்பியை எவ்வாறு இனிமையாகத் தடுப்பாய்?

ஈ. ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு, பெரியவர் துணையுடன் வீட்டுக்குள் நடந்து பார். எந்த ஓசைகள் உதவின? எவை கலக்கின?

உ. அக்டோபர் 15 உலக வெண்கோல் நாள். அன்று உன் தெருவில் நீ நீக்கக்கூடிய தடை ஒன்றைக் கூறு.

அன்பர்களே, நடக்கும்போது நான்கு முழத் தரையை நோக்கி நடப்பது முனிவர்களின் ஈரியா சமிதி. நாயுடன் நடக்கும் இல்லறத்தாருக்கு அந்த நான்கு முழம் போதாது. நாயின் கண் எட்டும் தூரமும் கயிறு எட்டும் தூரமும் நம் விழிப்பின் எல்லையாக வேண்டும். அவ்வெல்லைக்குள் வரும் ஒவ்வோர் உயிரும் நம்மால் அஞ்சாது கடந்து செல்லுமாக.

வாழ்க ஜினதருமம்!